தண்டவாளம் யாருடையது?

சென்னை கே.கே. நகரின் தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடப்பவருக்குத் தமிழ்நாட்டு அரசியல் சரித்திரத்தில் ஒரு சுருக்கமான பாடம் கிடைத்துவிடும். பி.டி. ராஜன் சாலை, டாக்டர் ராமசாமி சாலை, அழகிரிசாமி சாலை, முனுசாமி சாலை என்று நீதிக்கட்சிக் காலத்தையும் அதன் பின் வந்த இயக்கத்தையும் நினைவூட்டும் பெயர்களுக்கு நடுவே, ராஜமன்னார் சாலை என்றும் லட்சுமணசாமி சாலை என்றும் இரண்டு சாலைகள் உண்டு. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகாரங்கள் எங்ஙனம் பங்கிடப்படவேண்டும் என்பதை ஆராய்வதற்கென்று 1969இல், இந்த நகருக்குத் தம் பெயரைத் தந்திருக்கும் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது நியமித்த குழுவின் தலைவர் பி.வி. ராஜமன்னார், அதன் உறுப்பினர்களில் ஒருவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 1971இல் வெளிவந்த அந்த அறிக்கையை இங்கே குடியிருப்பவர்களில் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள் என்று கேட்பது வீண் கேள்வி. ஆயினும் காலை எட்டரை மணிக்கு அவர்கள் எந்த வண்டியில் ஏறுவது, எங்கே இறங்கி எதற்கு மாறுவது, எத்தனை ரூபாய் கொடுப்பது என்பவையெல்லாம் பெரும்பாலும் அந்தக் குழு ஆராய்ந்த விஷயத்திலேயே நிர்ணயமாகின்றன.

1970களில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் இந்தப் பேட்டையை உருவாக்கியபோது அகன்ற சாலைகளுக்கும், பூங்காவுக்கும், பள்ளிக்கும், பேருந்து நிலையத்துக்கும், கடைவரிசைக்கும் வரைபடத்திலேயே இடம் விட்டது. ரயிலுக்கு மட்டும் இடம் விடவில்லை. அதை வாரியத்தின் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமாகாது. ஏனெனில் வீடு கட்டுவது மாநிலத்தின் காரியம், இருப்புப்பாதை போடுவதோ மத்திய அரசின் காரியம். ஒருவர் வரைபடத்தில் மற்றவர் கோடு இழுக்க முடியாது. ஆகவே, கிழக்கே மாம்பலத்திலும் கோடம்பாக்கத்திலும் இந்த நகர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இருந்த மின்ரயில் நிலையங்களுக்கு, மேற்கு மாம்பலத்தின் நெரிசலான தெருக்கள் வழியே பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய்ச் சேர்வதே நாற்பது ஆண்டுக் காலமாக இவ்வூர் ஜனங்களின் வழக்கமாயிற்று. 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூரிலிருந்து கோயம்பேடு வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, அசோக் நகர், வடபழனி ஆகிய இரண்டு நிலையங்கள் நூறடிச் சாலையில், அதாவது நகரின் கிழக்கு ஓரத்தில், வந்து நின்றன. இப்போது வடக்கு ஓரத்தில் ஆற்காடு சாலை முழுதும் இரண்டாம் கட்ட மெட்ரோவின் தூண்கள் எழுந்துவிட்டன. அவற்றுள் ஆழ்வார்திருநகர் தொடங்கி ஆலப்பாக்கம் வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு, ஒரே தூணின் மேல் ஒரு வழித்தடமும் அதற்கும் மேலே இன்னொரு வழித்தடமுமாக இரண்டு அடுக்குகளைக் கட்டியிருப்பது, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம்.

இனி, முனுசாமி சாலையில் குடியிருக்கும் ஒருவர் தாம்பரத்துக்கு அப்பால் உள்ள ஓர் அலுவலகத்துக்குத் தினமும் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏறும் பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. அது மாநில அரசின் போக்குவரத்துத் துறைக்கு உட்பட்டது. மாம்பலத்தில் அவர் பிடிக்கும் மின்ரயில் தெற்கு ரயில்வேயினுடையது. அது டெல்லியில் உள்ள ரயில்வே வாரியத்துக்குக் கட்டுப்பட்டது. மழை நாளில் மாம்பலம் போகாமல் அசோக் நகரில் மெட்ரோ ஏறினாரானால், அது மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதிப் பங்குதாரர்களாக உள்ள ஒரு கம்பெனியின் வண்டி. அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவுக்குத் தலைவர் மத்திய வீட்டுவசதி நகர்ப்புற விவகாரத் துறைச் செயலர். அன்றாட நிர்வாகம் பார்க்கும் மேலாண்மை இயக்குநரோ மாநில அரசின் ஐ.ஏ.எஸ். அதிகாரி. சொத்துப் பிரியாத வீட்டில் மூன்று மருமகள்கள் தனித்தனி உலை வைத்தாற்போல ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் கணக்கைத் தான் பார்த்துக்கொள்கிறது. நடுக்கூடத்தைப் பெருக்குவது யார் என்பதுதான் தீராத வழக்கு. மின்ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய், மெட்ரோவில் பத்து. சீசன் டிக்கெட் ஒன்றில் உண்டு, மற்றொன்றில் கார்டு. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமே கிடையாது. பிரயாணி ஒருவர்தான், பிரயாணமும் ஒன்றுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, பாதையும் வண்டியும் நிலையமும் டிக்கெட்டும் தென்னிந்திய ரயில்வே என்ற ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. நெடிய ஏரியாகக் கிடந்த நிலத்தைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அந்த மின்ரயிலும் வந்தது, பட்டணத்தின் தெற்கு விஸ்தரிப்புக்கே முதுகெலும்பாயிற்று. பட்டணத்துக்குள் 1895 முதல் ஓடிய டிராம் வேறொரு கம்பெனியுடையது. அது நஷ்டத்தில் மூழ்கி 1953இல் நின்றுபோயிற்று. ரயில் கம்பெனி அரசுடைமையாகி, 1951இல் தெற்கு ரயில்வே அமைந்தபோது, சென்னையின் உள்ளூர்ப் பிரயாணிகள் ஒரு மாபெரும் தேசிய ஸ்தாபனத்தின் மிகச் சிறிய வாடிக்கையாளர்கள் ஆனார்கள். நிலக்கரியும் சிமெண்டும் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டியில்தான் ரயில்வேக்கு வருமானம்; ஐந்து ரூபாய் டிக்கெட்டில் தொங்கிக்கொண்டு போகிறவரால் அதற்கு வருமானம் இல்லை. கடற்கரை–தாம்பரம் பாதையில் கடைசி மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடி முடிந்தது 2004 ஜூலை 1 அன்று; முதல் ஏ.சி. மின்ரயில் வந்தது 2025 ஏப்ரலில். மெட்ரோவோ பிறக்கும்போதே ஏ.சி.யோடு பிறந்தது. ஒரே ஊரில் ஒரே வெயிலில் நிற்கும் இரு பிரயாணிகளுக்கு இடையே இந்த வேற்றுமை நேர்ந்ததற்குக் காரணம், யார் பணம் போட்டார்கள், யாரிடம் அவர்கள் பதில் சொல்லவேண்டியிருந்தது என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

இந்த உண்மையை, தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் கதையைப்போல் வேறெதுவும் விளக்காது. ஆதலால் அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். 1970களின் தொடக்கத்தில், பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கும் பெருநகரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகங்களை ரயில்வே அமைத்தது. சென்னைக்கு அவர்கள் வகுத்த யோஜனை, கடற்கரையில் தொடங்கி லஸ், திருவான்மியூர் வழியாக நகரைச் சுற்றி வளைந்து செல்லும் ஒரு பாதை. பணம் கிடைத்ததோ சொட்டுச் சொட்டாக. 1983இல் அனுமதி பெற்ற கடற்கரை–லஸ் பகுதி, சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது 1995 நவம்பரில். திருமயிலையை, அதாவது லஸ்ஸை, எட்டியது 1997 அக்டோபரில். எட்டரைக் கிலோமீட்டருக்குப் பதினான்கு ஆண்டுகள்! முழுச் செலவும் ரயில்வேயுடையது. ஆகவே ரயில்வேக்குச் செலவு குறைவான இடம் எதுவோ அதுவே பாதையாயிற்று. தனியார் நிலத்தை விலைக்கு வாங்குவதை இயன்ற அளவு தவிர்த்து, பக்கிங்ஹாம் கால்வாயின் படுகையிலேயே தூண்களை நட்டார்கள். ஒரு காலத்தில் தோணிகள் போன கால்வாய், தூண்களுக்கு இடையே ஒடுங்கி, மழைக்காலத்தில் வெள்ளம் வடிவதற்கும் இடமின்றித் தவிக்கிறது. வீடுகளும் கடைகளும் கால்வாய்க்கு முதுகு காட்டி நிற்பவை. ஆகவே நிலையங்களும் ஊருக்கு முதுகுப்புறத்திலேயே அமைந்தன.

இரண்டாவது பகுதிக்கு வந்தபோது ரயில்வே ஒரு நிபந்தனை போட்டது. திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரை போகவேண்டுமானால் செலவில் மாநில அரசும் பங்கேற்க வேண்டும் என்றது. முடிவில் மாநிலத்துக்கு 67 சதவீதம், ரயில்வேக்கு 33 சதவீதம் என்று ஏற்பாடாயிற்று. திருவான்மியூர் வரை 2004 ஜனவரியிலும், வேளச்சேரி வரை 2007 நவம்பரிலும் வண்டி போயிற்று. மூன்றில் இரண்டு பங்கு பணம் கொடுத்த மாநிலத்துக்கு, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடுவது என்பதில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மட்டும் கிடைக்கவில்லை. ஓட்டுவது ரயில்வே, கட்டணம் விதிப்பது ரயில்வே. வேளச்சேரிக்கு அப்பால் பரங்கிமலை வரை எஞ்சியிருந்த ஐந்து கிலோமீட்டருக்கு 2008இல் வேலை தொடங்கிற்று. ஆதம்பாக்கத்தில் நிலம் எடுக்கும் வழக்குகளில் சிக்கி, தூண்கள் மேலே ஒன்றுமில்லாமல் பத்தாண்டுகளுக்கும் மேலாக நின்றன.

பறக்கும் ரயில் நிலையங்களுக்குள் போனவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரிந்திருக்கும். கோட்டூர்புரத்திலும் திருவான்மியூரிலும் கல்யாண மண்டபங்கள் நான்கைந்து அடங்கும்படியான கூடங்கள், வானளாவிய கூரை, ஆள் நடமாட்டம் இல்லாத தளங்கள். நடுப்பகலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால், நம் செருப்புச் சத்தம் எதிரொலித்து நம்மையே பின்தொடரும். டிக்கெட் கவுண்டர் ஒரு மூலையில்; எஞ்சிய பரப்பெல்லாம் கிரில் கம்பிக்குப் பின்னால் இருட்டு. இந்த விசாலம் வீண் ஆடம்பரமாகக் கட்டப்பட்டதன்று. கடைகளும் அலுவலகங்களும் வைத்து வாடகை வாங்கி, அந்த வருமானத்தால் ரயிலின் நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்பதே உத்தேசம். உத்தேசம் உத்தமமானதுதான். ஹாங்காங்கில் ரயில் நிலையத்தின் மேலும் பக்கத்திலும் வீடுகளையும் கடைவீதிகளையும் எழுப்பி, நிலத்தின் லாபத்திலேயே பாதை போடுகிறார்கள். ஆனால் அங்கே ரயில் ஓட்டுகிறவரும் நில லாபத்தை அனுபவிக்கிறவரும் ஒருவர். இங்கே கட்டடத்துக்குப் பணம் தந்தவர் ஒருவர், வண்டி விடுபவர் மற்றொருவர், வெளியே உள்ள சாலைக்கும் விளக்குக்கும் பொறுப்பானவர் மூன்றாமவர். ஆள் வராத நிலையத்தில் கடை வராது. கடையில்லாத நிலையத்துக்கு இருட்டிய பிறகு பெண்கள் வரத் தயங்குவார்கள். இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் உடைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரி ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை.

மெட்ரோவுக்கு வேறு பாதை வகுத்ததற்குக் காரணம் இந்த அனுபவந்தான். அரசியல் சட்டப்படி ரயில்வே மத்திய அரசின் பட்டியலில் 22ஆவது இனம். ஒரு நகராட்சியின் எல்லைக்குள்ளேயே முழுதும் அடங்கிவிடும் டிராம்வே மட்டும் அதிலிருந்து விலக்கப்பட்டு மாநிலத்துக்கு விடப்பட்டிருக்கிறது. டிராம் கம்பெனி மூடிய பிறகு அந்த விலக்கால் பயன் ஒன்றும் இல்லை. 1986இல் மத்திய அரசுக்குள்ளேயே ஒரு மாறுதல் செய்தார்கள். நகரப் போக்குவரத்தைத் திட்டமிடும் பொறுப்பை ரயில்வே அமைச்சகத்திடமிருந்து எடுத்து நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்திடம் கொடுத்தார்கள். அந்த வாசல் வழியே 1995இல் டெல்லி மெட்ரோ கம்பெனி பிறந்தது: மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சம பங்கு, எஞ்சியதற்கு ஜப்பானிடம் நீண்ட தவணையில் குறைந்த வட்டிக்குக் கடன், ரயில்வே வாரியத்தின் கைக்கு எட்டாத தனி நிர்வாகம். சென்னை மெட்ரோ கம்பெனி 2007 டிசம்பரில் மாநில அரசின் கம்பெனியாகப் பதிவாகி, பின்னர் கூட்டுக் கம்பெனியாயிற்று. 2009 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த முதற்கட்டத்தின் மதிப்பீடு 14,600 கோடி ரூபாய்; அதில் ஜப்பான் கடன் சுமார் 59 சதவீதம், எஞ்சியதை இரு அரசுகளும் பங்கு மூலதனமாகவும் பின்தங்கு கடனாகவும் ஏறத்தாழச் சமமாகப் போட்டன. பின்தங்கு கடன் என்பது, மற்ற கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு எங்களுக்குத் தந்தால் போதும் என்று அரசு சொல்லிக் கொடுக்கும் பணம், வட்டி கிடையாது. பெரும்பாலும் நிலம் வாங்கவும் வரிகட்டவும் அது பயன்படும்.

இரண்டாம் கட்டத்தின் கதை இத்தனை சுமுகமாக இல்லை. மாதவரத்திலிருந்து சிப்காட், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி என்று மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மயிலாப்பூரையும் பனகல் பார்க்கையும் கோடம்பாக்கத்தையும் வடபழனியையும் ஒரே கோட்டில் இணைப்பதால், கே.கே. நகர்வாசிகளுக்கு மூன்றாவது தடந்தான் மிக முக்கியம். 2020 நவம்பர் 21 அன்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். அடிக்கல் நாட்டப்பட்டுவிட்டதே, இனி மத்திய அரசின் பங்கு தானே வந்துவிடும் என்று சாதாரண ஜனங்கள் எண்ணியிருந்தால் அது இயற்கையே. ஆனால் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் வராதவரை அது மாநிலத்தின் திட்டமாகவே கணக்கில் நின்றது. கடன் முழுவதும் மாநிலத்தின் பெயரில் ஏறிற்று. இங்கே வாசகர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். மாநில அரசு ஓர் ஆண்டில் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு மத்திய அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மெட்ரோவுக்கு வாங்கிய ஒவ்வொரு கோடியும் அந்த வரம்பில் கழிந்தது. அதாவது ஆற்காடு சாலையில் ஒரு தூண் எழும்போது, வேறெங்கோ ஒரு பாலத்துக்கோ அணைக்கோ வாங்கியிருக்கக்கூடிய கடன் குறைந்தது.

நான்கு ஆண்டு வாதப் பிரதிவாதங்களுக்குப் பிறகு, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் டெல்லி சென்று பிரதமரைச் சந்தித்த மறு வாரத்தில், 2024 அக்டோபர் 3 அன்று ஒப்புதல் வந்தது. அதையொட்டி வெளியான கணக்கின்படி 33,593 கோடி ரூபாய்க் கடன் முழுவதையும் மத்திய அரசு கம்பெனிக்குத் தன் மூலமாகவே தருகிறது. அதற்கு மேல் பங்காகவும் பின்தங்கு கடனாகவும் 7,425 கோடி. மாநிலத்தின் பங்கு 22,228 கோடி. மத்திய அரசு 65 சதவீதம் தருவதாகச் சொல்லிக்கொள்ளலாயிற்று. அதில் பெரும்பகுதி கடன் என்பதையும், கம்பெனியால் அதைக் கட்ட முடியாமற்போனால் மாநில அரசே கைகொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும். அவ்வாறு படித்த பிறகும், மாநிலத்தின் கடன் வரம்பில் இத்தனை ஆயிரம் கோடி விடுபட்டது மெய்யான நன்மை என்பதை மறுப்பதற்கில்லை. நான்கு ஆண்டுகள் தாமதித்ததற்கு ஆட்சியாளர்கள் இரு தரப்பிலும் காரணம் சொல்வார்கள். பனகல் பார்க்கிலிருந்து கோடம்பாக்கம் நோக்கிப் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டிய மயில், பெலிகன் என்ற பெயருள்ள இயந்திரங்களுக்கு எந்தக் கட்சியுமில்லை.

கட்டும் செலவு ஒருமுறைதான். ஓட்டும் செலவு தினந்தோறும். உலகத்தில் மிகச் சில நகரங்களைத் தவிர வேறெங்கும் டிக்கெட் பணத்தால் மட்டும் ரயில் ஓடுவதில்லை. பாரிஸ் நகரப் பகுதியில் 1971 முதல், ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் சம்பளத் தொகையின் மேல் போக்குவரத்துக்கென்றே ஒரு வரி செலுத்துகிறார். வேலையாள் நேரத்துக்கு வந்து சேர்வதால் லாபம் முதலாளிக்குத்தானே என்ற நியாயத்தின்மேல் எழுந்த வரி அது. மும்பையில் 1999இல் ரயில்வேயும் மகாராஷ்டிர அரசும் 51க்கு 49 என்ற விகிதத்தில் ஒரு கூட்டுக் கம்பெனி தொடங்கி, புறநகர்ப் பாதைகளைச் சீர்திருத்த உலக வங்கியிடம் கடன் வாங்கின. அதற்காக டிக்கெட்டின் மேல் ஒரு சிறு கூடுதல் கட்டணமும் வசூலித்தார்கள். சென்னையில் அப்படி எதுவும் நிலையாக ஏற்படவில்லை. அசோக் பில்லர் அருகே மெட்ரோ வந்ததும் வீட்டு வாடகையும் மனை விலையும் ஏறின. ஏறிய மதிப்பு அந்த மனைக்காரர்களைப் போய்ச் சேர்ந்ததேயன்றி, அதை ஏற்றி வைத்த ரயிலுக்குக் கிடைத்தது சொற்பம். வழித்தடத்தை ஒட்டிக் கூடுதல் மாடி கட்ட அனுமதித்து அதற்கு விலை வாங்குவது, பத்திரப்பதிவில் ஒரு சிறு பங்கு ஒதுக்குவது போன்ற வழிகள் 2017ஆம் ஆண்டின் மத்திய மெட்ரோ கொள்கையிலேயே வற்புறுத்தப்பட்டவைதான். வாக்குச் சீட்டை நினைக்கும்போது மட்டும் எல்லாருக்கும் கை நடுங்குகிறது.

போகிற போக்கில் ஒன்று சொல்லவேண்டும். புதிய மெட்ரோ பாதையில் பிரயாணிகளை ஏற்றலாம் என்று சான்றளிக்கும் பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் அதிகாரி அல்லர். அவர் சார்ந்த அமைப்பு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் வருகிறது. வண்டி ஓட்டுகிறவரே வண்டிக்குச் சான்று கொடுக்கக்கூடாது என்ற விவேகத்தால் செய்த ஏற்பாடு. நம் நிர்வாகத்தில் வேண்டுமென்றே செய்த பிரிவினைகளும் உண்டு என்பதை நினைவில் வைத்தால், எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற அவசரம் நம்மைப் பிடிக்காது.

ஆனால் ஒன்றாக்கவேண்டிய இடங்கள் மலையளவு உண்டு. மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு, ஸ்கைவாக் என்று எல்லாரும் சொல்லும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. ரங்கநாதன் தெருவின் தோள் இடிபாட்டில் சிக்காமல், இரு கையிலும் பையோடு வயோதிகர்கள்கூட மேலேயே நடந்து பஸ்ஸுக்குப் போய்விடலாம். அதைக் கட்டியது ரயில்வேயும் அல்ல, பஸ் கழகமும் அல்ல. நடுவே உள்ள தெருவுக்கு உரிமைக்காரரான மாநகராட்சி. நிலையமும் பேருந்து நிலையமும் எத்தனையோ தலைமுறையாக அங்கேயே இருந்தன. இடையிலே இருந்த அரை கிலோமீட்டருக்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. இதற்கு எதிர்மாறான உதாரணம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று அங்கே வெளியூர்ப் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே அதன் கண்ணெதிரிலேயே மின்ரயில் பாதை ஓடிற்று, நிலையம் இல்லை. நிலையத்துக்கான செலவை மாநில அரசு தரவேண்டும், கட்டுவது ரயில்வேயாக இருக்கவேண்டும், பாதைக்கும் முனையத்துக்கும் குறுக்கே உள்ள ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கப் பாலம் வேறொருவர் போடவேண்டும். திருச்சியிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய குடும்பங்கள், குழந்தையையும் பெட்டியையும் சுமந்துகொண்டு, ரயில் போவதைப் பார்த்தபடி மாநகரப் பஸ்ஸுக்குக் காத்து நின்றன.

இத்தகைய நடுக்கூடங்களுக்குப் பொறுப்பேற்க ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையிலேயே சொல்லப்பட்டது. தமிழ்நாடு அதற்கு 2010இல் சட்டம் இயற்றியது; கும்டா என்று சுருக்கமாக வழங்கும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம் அதன்படி பிறந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019இல். முதலமைச்சரே தலைவராகும்படி திருத்தப்பட்டு, அவர் தலைமையில் முதற் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குப் பிறகு நடந்ததைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 2025 செப்டம்பரில் வெளிவந்த சென்னை ஒன் செயலியில், பஸ்ஸுக்கும் மின்ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் சேர்த்து ஒரே க்யூ.ஆர். டிக்கெட் எடுக்கலாம் என்பது இந்தியாவில் முதன்முதலாக நிகழ்ந்தது. எனினும் டிக்கெட் ஒன்றானது, கட்டணம் ஒன்றாகவில்லை. வண்டி மாறும்போதெல்லாம் குறைந்தபட்சக் கட்டணத்தைப் புதிதாகச் செலுத்துகிறோம். அதை ஒரே சீட்டில் சேர்த்துக் காட்டுகிறார்கள். மாநிலச் சட்டத்தால் பிறந்த ஆணையம், மத்தியச் சட்டத்தின்கீழ் ஓடும் ரயிலுக்குக் கால அட்டவணை வகுத்துக்கொடுக்க முடியாது, கேட்டுக்கொள்ள முடியும். என் அபிப்பிராயத்தில், பணப்பெட்டியின் சாவி கைக்கு வராதவரை எந்த ஒருங்கிணைப்பு ஆணையத்தின் வேண்டுகோளும் நல்ல காகிதத்தில் அச்சிட்ட கடிதந்தான். லண்டனில் 2007இல், கவனிப்பாரற்றுக் கிடந்த சில தேசிய ரயில் பாதைகளை நகரப் போக்குவரத்து ஆணையத்திடம் ஒப்படைத்தபோது, ஓவர்கிரவுண்ட் என்ற பெயரில் அவை உயிர்பெற்று எழுந்ததற்குக் காரணம், கட்டணம், கால அட்டவணை, நிலையப் பராமரிப்பு ஆகிய மூன்றும் பணத்தோடு சேர்த்து ஒரே கைக்கு மாறியதே.

பட்டணம் விரிய விரிய இந்தச் சிக்கலும் விரிகிறது. சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரையிலும், காஞ்சிபுரம் வழியாக வேலூர் வரையிலும் மித வேக மண்டல ரயில் விடுவதற்குச் சாத்தியக்கூறு ஆராயப்படும் என்று அறிவித்தார்கள். டெல்லி–மீரட் பாதையே அதற்கு முன்மாதிரி. அதைக் கட்டிய கம்பெனியில் மத்திய அரசுக்குப் பாதிப் பங்கு; டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய நான்குக்கும் தலைக்கு 12.5 சதவீதம். தன் பங்குத் தொகையைச் செலுத்தாமல் டெல்லி அரசு இழுத்தடித்தபோது, விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தை ரயிலுக்குத் திருப்பும்படி 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. நமக்கோ விழுப்புரமும் வேலூரும் ஒரே மாநிலத்துக்குள் அடங்கிவிட்டன. அந்த வகையில் அதிர்ஷ்டசாலிகள்.

ஆனால் அவ்வளவு தூரம் போவதற்கு முன், அருகிலேயே ஒரு பரீட்சை காத்திருக்கிறது. பறக்கும் ரயிலை ரயில்வேயிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றி, மெட்ரோவோடு இணைப்பதற்கு 2025இல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் இசைவு தந்தது. திருமயிலையில் பூமிக்கடியில் ஏறத்தாழ 35 மீட்டர் ஆழத்தில், அடுக்கடுக்காக எழும்பும் மெட்ரோ நிலையத்தையும், அதே இடத்தில் தலைக்கு மேலே நிற்கும் பறக்கும் ரயில் நிலையத்தையும் ஒரே நிர்வாகம் பார்க்கும் நாள் வந்தால், முன்சொன்ன பெருங்கூடங்களுக்கும் விளக்கு வரலாம். ஊழியர்கள் யாருக்கு உரியவர்கள், நிலத்தின் பட்டா யார் பெயரில், கடற்கரைக்கும் பூங்கா நகருக்கும் இடையே ரயில்வேயின் மற்றப் பாதைகளோடு ஒட்டிக் கிடக்கும் தரைப்பகுதி யாருடையது என்பவை வக்கீல்கள் எழுதித் தீர்த்துவிடக்கூடியவை. கட்டணந்தான் அப்படியல்ல. ரயில்வேயின் கட்டணத்தை நிர்ணயிப்பது டெல்லியில் உள்ள அமைச்சகம். அது பல்லாண்டுகளாக ஐந்து ரூபாயைத் தொடவேயில்லை. மெட்ரோவின் கட்டணத்தைப் பிற்பாடு திருத்துவதென்றால், 2002இல் டெல்லிக்காக இயற்றப்பட்டு 2009இல் மற்ற நகரங்களுக்கும் விரிக்கப்பட்ட சட்டத்தின்படி, உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ தலைமை தாங்கும் ஒரு குழுவைக் கூட்டவேண்டும். அது கம்பெனியின் வரவு செலவைப் பார்த்துத்தான் பரிந்துரைக்கும். தரமணிக் கல்லூரிகளுக்கும் மயிலாப்பூர்க் கடைகளுக்கும் ஐந்து ரூபாயில் போய்வரும் மாணவர்களும் வீட்டுவேலைப் பெண்களும், ஏ.சி. வண்டி வந்த மறுநாள் பத்தோ இருபதோ கொடுக்க வேண்டியிருந்தால் பஸ்ஸுக்குத்தான் திரும்புவார்கள். பழைய கட்டணம் தொடரும், வித்தியாசத்தை மாநில அரசு ஆண்டுதோறும் கம்பெனிக்கு ஈடுசெய்யும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு எழுதப்படவேண்டும். அந்தத் தொகை எந்தத் துறையின் கணக்கில், எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும் என்பதும் அதிலேயே குறிக்கப்படவேண்டும்.